முதலைப் படத்தின் இரண்டாம் பாகம்

பரிந்துரைப் படிவத்தின் கடைசிக் கட்டத்தை எடுத்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியுமே என்று உங்களில் ஒருவர் கூட்டத்தில் கேட்டதாக என் காதுக்கு வந்தது. கேட்டது யார் என்று எனக்குச் சொல்லவில்லை, நானும் விசாரிக்கவில்லை. நியாயமான கேள்விதான். படத்தின் பெயர், நீளம், மொழி, எந்த வயதுக்கு, எதைக் கற்றுத் தருகிறது, எங்கே சிரிப்பு வருகிறது என்று எல்லாவற்றையும் எழுதி நிமிரும்போது, 'எங்கே ஆகாது?' என்று ஒரு கட்டம் காலியாக நிற்கும். உங்களில் பாதிப் பேர் அதில் ஒரு கோடு இழுத்து அனுப்பிவிடுகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றேன், பார்ப்பதிலிருந்து இல்லை. நம் தளத்தில் ஏறும் ஒவ்வொரு குறிப்பையும் இன்றைக்கும் காலைக் காப்பியோடு படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். கேட்ட பிறகும் எடுக்கத் தோன்றினால் தாராளமாக எடுத்துவிடுங்கள். நான் சண்டைக்கு வர மாட்டேன். வருவேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் எடுங்கள்.

இணையத்தில் பிள்ளைகள் பார்க்கத் தகுந்தது எது, பொழுதும் போகவேண்டும் புத்தியிலும் ஏதாவது ஏறவேண்டும் என்றால் எதைப் போடலாம் என்று தேர்ந்து சொல்வதற்கு இன்று நமக்கு மேசை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, மாதம் பிறந்தால் சம்பளம் இருக்கிறது. எனக்கு இந்த வேலை தொடங்கியது வடசென்னைக் காலடிப்பேட்டையில் ஒரு கடையில். தொண்ணூறுகளின் கடைசியில் அது வீடியோ கேசட் கடை. பிறகு சி.டி. கடை. இரண்டாயிரத்துக்குப் பிறகு பிரௌசிங் சென்டர். போர்டு மூன்று முறை மாறியது, கவுண்டரில் உட்கார்ந்திருந்த நான் மாறவில்லை. கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் வேர்விட்டவர். தெருவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். எனக்கும் அவர் அண்ணாச்சிதான், பெயர் வேண்டாம்.

கடைக்கு வருகிறவர்கள் அலமாரியைப் பார்க்க மாட்டார்கள், என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "கலாக்கா, இன்னா பாக்கலாம்?" இதுதான் கேள்வி. நானும் லேசில் பதில் சொல்கிற ஆள் இல்லை. யாரெல்லாம் பார்க்கப் போகிறீர்கள், வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று துருவிவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பேன். டாக்டரம்மா என்று கிண்டல் செய்வார்கள். உள்ளுக்குள் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமைக்கு முதல் அடி கேசட் காலத்திலேயே விழுந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் வேலையிடத்திலேயே விபத்தில் இறந்துபோனார். இரண்டு மாதம் கழித்து அவருடைய மூத்த மகன் கடைக்கு வந்தான். "அம்மா சிரிச்சே ரொம்ப நாளாச்சுக்கா. சிரிப்புப் படமா எதுனா குடு" என்றான். நான் யோசிக்காமல் ஒன்றை எடுத்து நீட்டினேன். நான் அதை இடைவேளை வரைதான் பார்த்திருந்தேன், அதுவரை வயிறு வலிக்கச் சிரித்திருந்தேன். இடைவேளைக்குப் பிறகு அந்தப் படத்தில் அப்பா செத்துப்போகிறார். அதுவும் வேலைக்குப் போன இடத்தில்.

மறுநாள் பையன் கேசட்டைக் கவுண்டரில் வைத்தான். "இண்டர்வெல் வரிக்கும் செம சிரிப்புக்கா" என்றான். வேறு கேசட் எடுக்காமல் படியிறங்கிப் போய்விட்டான். திட்டியிருந்தால் தேவலை. மீதிப் படத்தை அன்றைக்கே போட்டுப் பார்த்துவிட்டு நான் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அண்ணாச்சி ஆறுதல் சொல்லவில்லை. "முழுசா பாக்காத படத்தப் பத்தி வாயத் தொறக்காத, கேட்டியா? பாத்தா பாத்தேன்னு சொல்லு. பாக்கலேன்னா பாக்கலேன்னு சொல்லு. அதுல நீ ஒண்ணும் கொறஞ்சு போவ மாட்ட" என்றார்.

அன்றிலிருந்து கடைசி எழுத்து ஓடி முடியும்வரை பார்க்காத எதையும் நான் யாருக்கும் சொன்னதில்லை. தெருவில் இது எல்லோருக்கும் தெரிந்துபோனது. நான் ஏதாவது ஒன்றை எடுத்துக் கொடுத்தால், "முழுசா பாத்தியாக்கா?" என்று கேட்பார்கள். "பாத்தேன்" என்பேன். அந்த ஒரு சொல் போதும், மறு பேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டு போவார்கள். பத்து வருடத்தில் நான் சம்பாதித்தது அந்தச் சொல்தான்.

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் கடையில் பிராட்பேண்ட் வந்தது. இணையத்திலேயே படம் ஓடும் என்பது அப்போது எங்களுக்குக் கண்கட்டு வித்தை. ஆனால் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். ஆறு நிமிடப் படம் அரை மணி நேரம் சுற்றும். அதனால் எனக்கு ஒரு காலை வேலை சேர்ந்தது. கடை திறந்ததும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு படத்தைத் திறந்து நிறுத்திவைத்துவிடுவேன். பிள்ளைகள் வருவதற்குள் அடியில் இருக்கும் கோடு முழுக்கச் சாம்பல் நிறமாக நிரம்பியிருக்கும். அப்புறம் தடங்கல் இல்லாமல் ஓடும். எந்த நாற்காலிக்கு எந்தப் படம் என்று நான்தான் முடிவு செய்வேன். ரயில் எப்படித் தண்டவாளம் மாறுகிறது, திமிங்கலம் எப்படி மூச்சு விடுகிறது, ரொட்டி எப்படி உப்புகிறது என்று தேடித்தேடி எடுப்பேன். முழுதும் பார்த்த பிறகு ஒரு நீள நோட்டில் பதிவேன். எத்தனையாவது நிமிடத்தில் என்ன வருகிறது, யாருக்குப் பிடிக்கும், யார் பயப்படுவார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். இன்று நீங்கள் நிரப்பும் படிவத்தின் தாய் அந்த நோட்டுதான்.

கடைக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் டியூஷன் நடந்தது. அந்த வருடம் கடற்கரை ஓரக் குடிசைகளில் தீப்பிடித்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்றாலும் டியூஷன் பிள்ளைகள் மிரண்டு போயிருந்தார்கள். டியூஷன் மிஸ் என்னிடம் வந்து, பயமுறுத்தாமல் சொல்லிக் கொடுக்கிற மாதிரி ஒரு நல்ல படம் வேண்டும் என்றார்.

நான் பன்னிரண்டு படம் பார்த்தேன். ஒன்றில் அலறல் அதிகம். ஒன்றில் ஒரே ஆங்கிலப் பேச்சு. ஒன்று தீயணைப்பு வண்டி விளம்பரம் மாதிரி இருந்தது. பன்னிரண்டாவதுதான் முதலைப் படம். ஏதோ ஒரு வெளிநாட்டில் எடுத்த ஆறு நிமிடக் கார்ட்டூன், பேச்சே கிடையாது. ஒரு வீட்டில் ஒரு முதலைக் குட்டியும் ஒரு ஒட்டகச்சிவிங்கியும் குடியிருக்கின்றன. சமையலறையில் தீப்பிடித்து வீடெல்லாம் புகை. ஒட்டகச்சிவிங்கி எழுந்து நின்று, தலை புகைக்குள் மாட்டி, லொக்கு லொக்கென்று இருமுகிறது. முதலைக் குட்டி சமையலறைக் கதவைச் சாத்தி, தரையோடு தரையாகப் படுத்து, தவழ்ந்து வெளியே போய்விடுகிறது. புகை மேலே போகும், நல்ல காற்று கீழே இருக்கும். அதைப் பாடமாகச் சொல்லாமல் சிரிக்கச் சிரிக்கக் காட்டியிருந்தார்கள். நான் பதினொரு முறை பார்த்தேன். கடைசியில் வரும் தொலைபேசி எண் வெளிநாட்டு எண், நம் ஊருக்கு 101 என்று நோட்டில் குறித்தும் வைத்தேன். அப்படிக் குறித்ததற்காக என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

பிள்ளைகளுக்கு அந்தப் படம் பைத்தியமாகப் பிடித்துப்போனது. ஞாயிறு காலை ஒரு நாற்காலிக்கு இரண்டு பேராக உட்கார்ந்து பார்ப்பார்கள். டியூஷனில் யாராவது "முதல போடு!" என்று கத்தினால் போதும், பதினான்கு பேரும் பொத்தென்று தரையில் விழுந்து தவழ்வார்கள். தலைவி பவானி. ஆறாம் வகுப்பு, முதுகில் எப்போதும் தம்பி அன்பு தொற்றிக்கொண்டிருப்பான், அவனுக்கு ஐந்து வயது. அவர்களுடைய அம்மா ஒரு நாள் கடை வாசலில் நின்று, "இன்னா கலா பண்ணி வச்ச? அடுப்புல எண்ண பொகஞ்சா கூட ரெண்டும் தரையில பூந்துகினு போவுதுங்க. என் வூட்ல நடக்கவே எடம் கெடையாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு நான் தரையிலேயே நடக்கவில்லை.

எல்லோரும் பாராட்டியபோது ஒருவர் மட்டும் வாயைக் கோணினார். தனபால் மாமா. குடிநீர் பம்ப் ஹவுஸில் வால்வு திருப்பி ஓய்வு பெற்றவர், வெளிநாட்டிலிருக்கும் மகளின் மெயிலைப் படிக்கக் கடைக்கு வருவார். பிள்ளைகளின் தோளுக்கு மேலாக எட்டிப் படத்தை ஒரு முறை பார்த்தார்.

"படம் சோக்கா கீது கலா. ஆனா இது நெருப்புக்கு. நம்ம பக்கம் டெய்லி நெருப்பா வருது? வாசனதான வருது?"

"அதுக்கு இன்னா மாமா இப்போ?"

"குளோரின்னு ஒண்ணு கீது. பம்ப் ஹவுஸ்ல முப்பது வருசம் அதோட குப்ப கொட்னவன் நானு. காத்த விட வெயிட்டு அது. தரையப் புடிச்சிகினு தவழும், இந்த முதல மேரி. அது வந்தா படுக்கக் கூடாது, மேல ஏறணும். பசங்களாண்ட அத்தயும் சொல்லு."

எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு படம் பார்த்தவள் நான், பதினோரு முறை பார்த்தவள் நான், இவர் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குறை சொல்கிறாரே என்று. "மாமா, நீங்க மெயிலப் பாருங்க, சினிமா விமர்சனம் நான் பாத்துக்கறேன்" என்றேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்.

எங்கள் பக்கத்து ஆட்களின் மூக்கைப் பற்றி உங்களில் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டே காற்று எந்தத் திசை என்று சொல்லிவிடுவோம். மணலிப் பக்கத்துக் காற்றென்றால் கியாஸ் வாசனை, கொடுங்கையூர்ப் பக்கத்துக் காற்றென்றால் குப்பை எரிகிற நாற்றம், கிழக்கே இருந்து அடித்தால் கருவாடு. வாசனை வந்தால் யாரும் ஓட மாட்டோம். "இன்னிக்கு இன்னாது?" என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். தினமும் ஓடினால் எப்போது பிழைப்பது? எங்கள் தைரியமும் அதுதான், தப்பும் அதுதான்.

ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். பிளீச்சிங் பவுடர் வாசனை வந்தது. கார்ப்பரேஷன்காரர்கள் சாக்கடையில் பவுடர் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். வாசனை ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்றாவது நாற்காலியில் இருந்தவர் இருமத் தொடங்கினார். அதற்குள் பின் தெருவில் இருந்த பழைய இரும்புக் குடோன் ஆள் ஒருவர் முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். "சிலிண்டர அறுத்துட்டானுங்க! பச்சையா வருது! ஓடு, ஓடு!" என்று கத்திக்கொண்டே எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்.

அண்ணாச்சி ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. "எல்லாரும் எந்திரிங்க! மெயின் ரோட்டுக்குப் போங்க, காத்துக்கு எதுத்தாப்ல போங்க!" என்று ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார். நானும் கால் எடுத்து வைத்தேன். அப்போதுதான் தனபால் மாமாவின் குரல் காதுக்குள் கேட்டது. தரையப் புடிச்சிகினு தவழும். இந்த முதல மேரி.

சனிக்கிழமை காலையில் டியூஷன் உண்டு.

"அண்ணாச்சி, புள்ளைங்க!" என்றேன். என்ன சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீரில் கடையின் திரைச்சீலையைக் கிழித்து முக்கி என் கையில் திணித்தார். "போ, நான் மிச்சப் பேர அனுப்பிட்டு வாரேன்" என்றார். நான் ஓடினேன். இரண்டு வீட்டுத் தூரம்தான். சந்தின் தரையில் முழங்கால் உயரத்துக்கு வெளிர்பச்சையாக ஏதோ படர்ந்துகொண்டிருந்தது. தொண்டை எரிந்தது.

டியூஷன் கதவு சாத்தியிருந்தது. மிஸ் ஜெராக்ஸ் எடுக்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். கதவைத் தள்ளினேன். உள்ளே பதினான்கு பிள்ளைகளும் தரையில் படுத்திருந்தார்கள்.

அப்படியே படத்தில் வருவது போல. இருப்பது ஒரே கதவு, வாசனை வருவதும் அந்தப் பக்கம், அதைச் சாத்தியாயிற்று. வயிறு தரையில். கன்னம் தரையில். ஒரு பிள்ளைகூட அழவில்லை, ஒன்றுகூட முண்டியடித்து ஓடவில்லை. ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் இருந்ததன் கால் பக்கத்தில் வரிசையாகப் படுத்து இருமிக்கொண்டிருந்தது. இவ்வளவு ஒழுங்காகப் பாடம் கற்ற பிள்ளைகளை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. கற்றுக் கொடுத்தது நான். பவானி ஒரு கையால் தம்பியின் தலையைத் தரையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்திருந்தாள், அவன் நிமிர்ந்துவிடக் கூடாது என்று. அன்புவின் இருமல் நாய் குரைப்பது போல வந்தது.

"எயுந்திருங்க! எல்லாம் எயுந்திருங்கடா! மாடிக்கு ஓடுங்க!" என்று கத்தினேன். கத்தியதும் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நின்ற இடத்தில் குனிந்து லொக்கு லொக்கென்று இருமினேன்.

பவானி தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் என்மேல் அவ்வளவு பரிதாபம். "அக்கா, படுக்கா! ஒட்டகச்சிவிங்கி மேரி நிக்காதக்கா! செத்துப் பூடுவ! படுக்கா!" என்று என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

நான் இருமுகிறேன். நின்றுகொண்டு இருமுகிறேன். படத்தில் பார்த்தது அப்படியே கண்முன்னால் நடக்கிறது. அந்தப் பிள்ளை எப்படி எழுந்திருக்கும்?

நம் வேலையில் நெருக்கடி என்று ஒன்று வருமா என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வந்தது. விளக்கம் சொல்ல நேரமில்லை. குளோரின் காற்றைவிடக் கனம் என்று அந்தப் பதினான்கு பேருக்கும் புரியவைக்க அரை மணி நேரம் வேண்டும், எனக்கு அரை நிமிடம்கூட இல்லை. தூக்கிக்கொண்டு போகலாமென்றால் இரண்டு கைக்கு இரண்டு பிள்ளை, மீதிப் பன்னிரண்டு? படம் தப்பு என்று சொன்னால் அவர்கள் நம்பப் போவதில்லை. நானே அல்லவா அதைப் பதினோரு முறை பார்த்துவிட்டு நல்ல படம் என்று கொடுத்தவள். படத்தோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது என்று அந்த நொடியில் தெரிந்தது. படத்தை என் பக்கம் இழுக்க வேண்டும்.

"டேய், ரெண்டாம் பாகம் வந்திருக்குடா!" என்றேன். "முதலப் படம் ரெண்டாம் பாகம்! அதுல முதல மாடி ஏறுது! கியாஸ் கீழ வருது, முதல மொட்ட மாடிக்கு ஓடுது! எவன் ஃபர்ஸ்ட்டு?"

தலைகள் நிமிர்ந்தன. ஆனால் யாரும் எழவில்லை, எல்லோரும் பவானியைப் பார்த்தார்கள். அவள் என் முகத்தையே பார்த்தாள். ஏமாற்றுகிறார்களா என்று தேடுகிற பார்வை.

"ரெண்டாம் பாகமா? எப்போ வந்துச்சு?"

"இன்னிக்குக் காலீல."

"முழுசா பாத்தியாக்கா?"

பத்து வருடமாக அந்தக் கேள்விக்கு நான் ஒரு முறைகூடப் பொய் சொன்னதில்லை.

"பாத்தேன்" என்றேன்.

அவ்வளவுதான். தம்பியின் தலையிலிருந்து கையை எடுத்து, அவனை அப்படியே தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு எழுந்தாள். "மாடி முதல! மாடி முதல! ஓட்றா!" என்று அவள் கத்தியதும் மீதிப் பன்னிரண்டு பேரும் எழுந்தார்கள். மாடிப்படி அறைக்கு வெளியேதான் தொடங்குகிறது. ஈரத்துணியைக் கிழித்து ஒவ்வொரு மூக்கிலும் வைத்து அனுப்பினேன். படியில் பாதி ஏறியபோது கீழே அண்ணாச்சி வந்துவிட்டார். தடுமாறி விழுந்த இரண்டு பிள்ளைகளை ஆளுக்கொன்றாக அள்ளிக்கொண்டு மூன்று மாடியும் ஏறினோம். மொட்டை மாடியில் கடல் காற்று அடித்தது. அந்தக் காற்றை நான் குடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். எண்ணினேன். பதினான்கு. மறுபடி எண்ணினேன். பதினான்கு.

தீயணைப்பு வண்டி வந்து சிலிண்டரை அடக்க ஒரு மணி நேரமானது. அன்புவையும் இன்னொரு பிள்ளையையும் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்குக் கண் எரிச்சலோடு போனது. எனக்கு ஒரு மாதம் குரல் கட்டியிருந்தது. தரையில் இன்னும் ஐந்து நிமிடம் படுத்திருந்தால் நிலைமை வேறு என்று டாக்டர் சொன்னதாகப் பவானியின் அம்மா வந்து சொன்னாள். என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. தெருவெல்லாம் என்னைக் கொண்டாடியது. நான் அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே தனபால் மாமா வீட்டுக்குப் போய், கட்டிய குரலில், "மன்னிச்சிக்க மாமா" என்றேன். "நீ டயத்துக்கு ஓடினியே, அது போதும், போ" என்றார். நான் சொன்னேனே என்று அவர் சொல்லவே இல்லை. சொல்லியிருக்கலாம், உரிமை இருந்தது.

இதில் நான் பெருமைப்படுகிறேனா என்று கேட்டால், ஆமாம், பெருமைப்படுகிறேன். மறைக்க மாட்டேன். தப்பு என்னுடையது, ஆனால் அந்தத் தப்பு முடிவதற்கு முன்னால் ஓடிப் பிடித்ததும் நான்தான். பத்து வருடம் ஒரு படத்தையும் அரைகுறையாகப் பார்க்காமல் இருந்ததால்தான் அன்று அந்த ஒரு பொய்யைப் பதினான்கு பிள்ளைகளும் நம்பினார்கள். அந்த இடைவேளைப் படத்துக்குப் பிறகு, பார்க்காத படத்தை நான் சிபாரிசு செய்தது அந்த ஒரு நாள்தான். அந்தப் படத்தை இன்றுவரை யாரும் எடுக்கவில்லை.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல வந்தது அது இல்லை. முழுதும் பார்த்தால் போதும் என்று நினைத்திருந்தேன், அது போதவில்லை. முதலைப் படத்தில் ஒரு பிழையும் இல்லை. எடுத்தவர்கள் நல்லவர்கள், விஷயம் தெரிந்தவர்கள். ஆனால் அவர்களுடைய ஊரில் பின் தெருவில் குளோரின் மிச்சமிருக்கும் பழைய சிலிண்டரை இரும்புக்காக அறுக்க மாட்டார்கள். தொலைபேசி எண்ணை நம் ஊருக்கு மாற்றத் தெரிந்த எனக்கு, காற்றை மாற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. அது படம் எடுத்தவர்கள் வேலை அல்ல, எடுத்துக் கொடுக்கிற நம் வேலை.

அதன்பின் நோட்டில் இருந்த ஒவ்வொரு பதிவையும் தூசி தட்டி மறுபடி பார்த்தேன். அழகான ஒரு நீச்சல் படம் இருந்தது, பிள்ளைகள் ஓடிவந்து தலைகீழாகக் குதிப்பார்கள். குளத்துக்குச் சரி, கருங்கல் கொட்டிய திருவொற்றியூர்க் கரைக்கு ஆகாது என்று எழுதினேன். மழைநீரைப் பிடித்துக் குடிக்கச் சொல்லும் படத்துக்கு, ஆலைப் புகை சூழ்ந்த மணலி புதுநகரில் முதல் மழைக்கு ஆகாது என்று எழுதினேன். பல வருடம் கழித்து நம் பிரிவு தொடங்கிப் படிவம் தயாரானபோது, மற்ற எல்லாக் கட்டத்தையும் மற்றவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிட்டு, கடைசிக் கட்டத்துக்கு மட்டும் அடம்பிடித்து உட்கார்ந்தேன். அந்தக் கட்டம் அப்படித்தான் வந்தது.

ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்கு அடுத்த வாரத்து ஞாயிறு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்புவும் சேர்த்துப் பதினான்கு பேரும் கடைக்கு வந்து வரிசையாக நின்றார்கள். "ரெண்டாம் பாகம் போடுக்கா" என்றார்கள்.

நான் உண்மையைச் சொன்னேன். அப்படி ஒரு படம் இல்லை, நான் பொய் சொன்னேன் என்று. பவானியின் முகம் சுண்டிப்போனது. "பாத்தேன்னு சொன்ன" என்றாள். ஆமாம் என்றேன். அவர்கள் முன்னாலேயே நோட்டை எடுத்து, முதலைப் படப் பக்கத்தைத் திறந்து, சிவப்புப் பேனாவால் குறுக்கே அடிக்கப் போனேன். இனி அந்தப் படமே வேண்டாம் என்று இருந்தது எனக்கு.

அவள் என் கையைப் பிடித்துவிட்டாள். "அத்த ஏன்க்கா அடிக்கிற? முதல இன்னா தப்பு பண்ணுச்சு?" என்றாள். பேனாவைப் பிடுங்கிக்கொண்டு கவுண்டரில் எக்கி நின்று, பக்கத்தின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நாக்கைத் துருத்திக்கொண்டு மெதுவாக எழுதினாள். எழுதிவிட்டு நோட்டை என் பக்கம் திருப்பி, "இதான் ரெண்டாம் பாகம். இப்பனா முழுசா பாத்துக்கோ" என்றாள்.

அந்தப் பக்கத்தை இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன். கடைசிக் கட்டத்தில் எழுதப்பட்ட முதல் வரி என் கையெழுத்து இல்லை. சிவப்பு மையில், கோணல் எழுத்தில், இப்படி இருக்கிறது:

"நெருப்புன்னா முதலை. பிளீச்சிங் வாசனை வந்தா ஒட்டகச்சிவிங்கி."